இரவல் தோடி

திருத்தங்கல் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்த ஜெயக்கொடி டீச்சர், கர்த்தரிடம் பதினோரு வருடமாக ஒன்றே ஒன்றுதான் கேட்டுவந்தாள். புருஷன் மாணிக்கராஜ் குடியை விடவேண்டும். மதுவிலக்குக் காலம்தான், ஆனாலும் ஓடைக்காட்டுக்குள் கிடைக்கவேண்டியது கிடைத்தது. லித்தோ பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுவதில் அவன் நல்ல கைக்காரன். சனிக்கிழமை சாயங்காலம் போனால் திங்கட்கிழமை காலையில்தான் மனுஷனாவான். அப்பன் விழுந்து கிடப்பதைப் பார்க்கவேண்டாமென்று மகள் ஞானஜோதியை விருதுநகரில் ஹாஸ்டலில் விட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிவிட அவளிடம் இருந்தது ஒரு கிராமபோன் பெட்டி. சாவி கொடுத்துப் பிளேட்டைப் போட்டால் பக்கத்துக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் யாரும் கதவைத் தட்டக்கூடாது.

அவளுக்குத் தெரிந்து பெட்டி வைத்திருந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். லேபிள் பிரஸ் முதலாளி காசிராஜனின் சம்சாரம் சொர்ணலட்சுமி ஒருத்தி. பட்டாசுக் கம்பெனியில் பில் எழுதுகிற லட்சுமிகாந்தம் இன்னொருவர். இந்த வாரம் நான் இதைக் கேட்கிறேன், நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று பிளேட்டுகள் மூன்று வீட்டையும் சுற்றிவரும். கொண்டுபோய்க் கொண்டுவருவது லட்சுமிகாந்தம். கேரியரில் வைத்தால் உடைந்துவிடும் என்று துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டுவார்.

பிளேட்டுக்கு உறை ஒட்டுவது சொர்ணலட்சுமி. பிரஸ்ஸில் கலர் விலகிப்போன லேபிள் தாள் மூட்டைக்கணக்கில் கிடந்தது. உள்பக்கம் லேபிளில் இருக்கிற கிளிக்கு இரண்டு மூக்கு இருக்கும். வெளியே வெள்ளைப் பக்கம். கேட்டவர்கள் அதில் பென்சிலால் எழுதவேண்டும். ‘இரண்டாம் பக்கம் மட்டும் கேட்கவும். முதல் பக்கம் ஊசிக்குக் கேடு’ என்று லட்சுமிகாந்தம் எழுதுவார். ‘மத்தியானம் கேட்டேன். நல்ல தூக்கம்’ என்பாள் சொர்ணலட்சுமி. ஜெயக்கொடி எழுதினால் உறை நிறைந்துவிடும். ‘மூன்று தரம் போட்டேன். சோறு அடிப்பிடித்தது. நாலாந்தரமும் போட்டேன்.’

சொர்ணலட்சுமி வீட்டை விட்டு வெளியே போகாத பிளேட்டு ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் நாதஸ்வரத்தில் தோடி. கல்யாணத்தன்று அவளுடைய அப்பா கொடுத்தது. கடையில் இப்போது கிடைக்காது. டீச்சர் இரண்டு வருடம் கேட்டு, 1962 ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வந்துசேர்ந்தது. ஒரே வாரத்துக்கு.

அதற்குச் சற்று முன்னால்தான் கர்த்தரும் செவிகொடுத்திருந்தார். சபையில் நடந்த எழுப்புதல் கூட்டத்துக்கு யாரோ இழுத்துக்கொண்டு போக, மாணிக்கராஜ் அழுதபடி திரும்பிவந்தான். அன்றோடு குடியை நிறுத்தினான். பிளேட்டு வந்த வாரத்துச் சனிக்கிழமையோடு நாற்பத்திரண்டு நாள். கை நடுக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜெயக்கொடி மகளைப் பார்க்க விருதுநகர் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது மாணிக்கராஜ் தலை சீவி, வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றான்.

“ஜெயா, இன்னைக்குக் கூட்டத்துல மைக்குல சாட்சி சொன்னேன். குடியை விட்டுட்டேன், வீட்டுல இருக்கிற, கர்த்தரைப் பாடாத உலகப்பாட்டையும் இன்னையோட விட்டேன்னு சொல்லிட்டேன்.”

அவள் அலமாரியைப் பார்த்தாள். கிறிஸ்தவக் கீர்த்தனைப் பிளேட்டு இரண்டு இருந்தன. மற்ற ஆறும் இல்லை.

“எங்கங்க அதெல்லாம்?”

“குழி வெட்டிப் போட்டு, கல்லால உடைச்சு மூடியாச்சு. கொளுத்தலாம்னாக சில பேரு. பக்கத்துல பட்டாசு குடோன் இருக்கு, கிறுக்கா பிடிச்சிருக்குன்னு சபை மூப்பர் வஞ்சாரு.” சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். நான் விட்டப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

ஆறில் ஐந்துதான் அவளுடையது; ஆறாவது இரவல் வந்த தோடி. அது அவனுக்குத் தெரியாது. முன்பெல்லாம் பிளேட்டு வந்துபோன ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நினைவோடு இருந்ததில்லை; குடியை விட்ட பிறகு ஞாயிறெல்லாம் சபையிலேயே கழிந்தது. உறையில் பெண்டாட்டியின் கையெழுத்தைக் கண்டான். எல்லாம் அவளுடையது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“அதுல ஒண்ணு...” என்று ஆரம்பித்தாள்.

“பரீட்சை முடியவும் ஜோதியைக் கூட்டியாந்துருவோம், ஜெயா. இனி எதுக்கு ஹாஸ்டலு?” என்றான் அவன், காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. “என்ன, ஒண்ணு?”

“ஒண்ணுமில்ல. காபி ஆறுது.”

மறுநாள் கோயிலில் ஆராதனை முடிந்ததும் சொர்ணலட்சுமி வீட்டுக்குப் போனாள். என்ன சொல்லவேண்டும் என்பதை வழிநெடுக மனப்பாடம் செய்திருந்தாள்.

“அக்கா, அந்தத் தோடிப் பிளேட்டு... ஊசி மாத்தும்போது கை தவறி விழுந்துருச்சு. ரெண்டா உடைஞ்சுபோச்சு.”

சொர்ணலட்சுமி உறை ஒட்டிக்கொண்டிருந்தாள். பசைக் கையைத் தாளில் துடைத்தாள்.

“டீச்சர், நேத்து எங்க மாடி வரைக்கும் ஸ்பீக்கர் கேட்டுச்சு. ஆறு பிளேட்டுன்னு எண்ணிச் சொன்னாரு உங்க வீட்டுக்காரரு. உங்ககிட்ட இருக்கிறது அஞ்சுதானேன்னு நான் ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

ஜெயக்கொடி கீழே விழுந்திருந்த உறை ஒன்றை எடுத்து வைத்தாள்.

“மூணாப்புப் பிள்ளைக கூட இதைவிட நல்லாப் பொய் சொல்லும்.”

“வேற ஆளுதுன்னு அவருக்குத் தெரியாதுக்கா.”

“சொல்லலையாக்கும்?”

“சொல்லலை. நாப்பத்திரண்டு நாளாச்சு. இன்னையோட நாப்பத்திமூணு.”

சொர்ணலட்சுமி பசைக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

“எங்க வீட்டுல குடிக்கவும் மாட்டாக, பேசவும் மாட்டாக. சீசன் வந்துட்டா ஆர்டரு, லோடு, அம்புட்டுத்தான். வீட்டுல ஒரு சத்தம்னு இருந்தது அந்தப் பிளேட்டுத்தான்.” மூக்கை உறிஞ்சினாள். “குடியை விட்டது நல்ல காரியம். இல்லைன்னு சொல்ல முடியுமா? யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதபடி பண்ணிட்டாருல்ல மனுஷன்.”

“வையுங்கக்கா. நாலு வார்த்தை வஞ்சிருங்க.”

“வஞ்சா உங்களுக்குத் தேவலையா இருக்கும். எனக்கு?” மறுபடி தாளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். “இனிமே உங்க வீட்டுக்குப் பிளேட்டு வராது, டீச்சர். லட்சுமிகாந்தத்துக்கிட்டயும் சொல்லிருதேன். எப்படிக் குடுத்துவிட? கேக்கணும்னா இங்கன வாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போடுவேன்.”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுல ஜெபக்கூட்டம் வச்சிருக்காரு. வாராவாரம்.”

“அப்ப வேற ஒரு நாளு.”

“வாரேன்கா.”

மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம், சனிக்கிழமை விருதுநகர் என்பது சொர்ணலட்சுமிக்கும் தெரியும். வாசல்வரை வந்தாள். போய்ட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள்.

தெருமுனையில் மாணிக்கராஜ் சைக்கிளோடு நின்றிருந்தான். இந்த நேரத்தில் அவனை வெளிச்சத்தில், நேராக நிற்கிற ஆளாகப் பார்க்க இன்னும் அவளுக்குப் பழகவில்லை. கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

“பிரஸ் அக்கா வீட்டுக்கா போன? என்ன சொன்னாக?”

“நீங்க குடியை விட்டது நல்ல காரியம்னு சொன்னாக.”

“அக்காவா சொன்னாக?” மிதியைக் கொஞ்சம் வேகமாக மிதித்தான். ரயில்வே கேட் தாண்டியதும் லேசாகத் தலையைத் திருப்பினான். “இன்னொருக்கா சொல்லு. எப்படிச் சொன்னாக?”

சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் இன்னொரு தரம் சொன்னாள்.