விரால் அடிப்பான் வந்த காலை

லிப்ட் மெக்கானிக்கை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொக்கு என்றால்தான் தெரியும். ஆள் ஒல்லி, கழுத்து நீளம். அதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ச் சிலை மாதிரி உட்கார்ந்துவிடுகிற ஆளை வேறு என்னவென்று கூப்பிடுவது? வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள், தலைக்கு மேல் பெட்டி தொங்க, கிரீஸும் இரும்புக் கயிறுமாகக் கிடப்பவருக்கு வானத்தைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பறவையைப் படம் பிடிப்பது பட்டனை அமுக்கினால் முடிகிற காரியம் இல்லை. தெருக் காக்கா வேண்டுமானால் நின்று முகம் காட்டும். காட்டுப் பறவைக்கு மனுஷன் தலை தெரிந்தாலே போதும், அந்தத் திசைக்கே ஒரு கும்பிடு போட்டுவிடும். அதனால் நாணல் ஓரமாக நாலு கழியை நட்டு, பழைய பச்சைத் தார்ப்பாயைப் போர்த்திக் கூடு மாதிரி செய்து வைத்திருந்தார். முன்பக்கம் லென்ஸ் நீட்ட ஒரு ஓட்டை, பக்கவாட்டில் ஒரு கிழிசல். உள்ளே இரண்டு ஸ்டூல். முன்னால் இருப்பது அவருக்கு, பின்னால் இருப்பது வீட்டம்மாவுக்கு.

வீட்டம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவராகத்தான் வந்தார்.

"வாரத்துல ஒரு நாள்தான் வீட்ல இருக்கீங்க. அதையும் நாரைக்குக் குடுத்துட்டா நான் யாரு மூஞ்சியப் பாக்குறது?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வந்த அன்றே வம்பு. நாரைக் கூட்டம் இறங்குகிற நேரமாகப் பார்த்து, "எவ்வளவு அழகா வருது பாருங்களேன்" என்றார். மொத்தக் கூட்டமும் எழும்பி அக்கரைக்குப் போய்விட்டது. கொக்குவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ? இங்க வந்தா வாயத் திறக்கக் கூடாது."

"அப்புறம் பறவை வந்தா எப்படிச் சொல்றதாம்? தந்தி அடிக்கவா?"

"சட்டையப் பிடிச்சு இழு. நான் புரிஞ்சுக்கிறேன்."

"புருஷனே சட்டையப் பிடின்னு சொல்ற பாக்கியம் வேற எவளுக்குக் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு, அதற்கும் சத்தமாகச் சிரித்தார்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். பின்னாலிருந்து சட்டை இழுபட்டால் பறவை வருகிறது, அசையாதே என்று பொருள். அவர் இடது கையைப் பின்னால் விரித்துக் காட்டினால், எனக்குத் தெரிந்துவிட்டது, நீயும் அசையாதே என்று பொருள். அந்தம்மா ஆயத்த ஆடை கம்பெனியில் பொத்தான் துளை தைக்கிறவர். நூல் பிசிறு தப்பாத கண். லென்ஸுக்குள் கண்ணை வைத்தவருக்குக் கையகல வானம்தான் தெரியும். மீதி வானத்தை அந்தம்மா கிழிசல் வழியாகப் பார்த்துக்கொண்டார். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்களில் முக்கால்வாசி அப்படி இழுத்து வந்தவை. மீன்கொத்தி படத்தைக் காட்டி, "இது நான் பிடிச்சது, இவர் அமுக்குனது" என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வார்.

கொக்குவுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. விரால் அடிப்பான் என்று ஒரு பருந்து உண்டு. குளிர் காலத்தில் எங்கிருந்தோ வரும். உயரத்திலிருந்து கல் மாதிரி விழுந்து, தண்ணீருக்குள் காலை விட்டு, மீனோடு எழும்பும். எழும்புகிற அந்த ஒரு கணம் வேண்டும் அவருக்கு. பல வருஷமாகக் கிடையாய்க் கிடந்தும் கிடைக்கவில்லை. ஒரு தடவை வால் வந்தது, இன்னொரு தடவை வெறும் தண்ணீர் வந்தது.

"மீன் கடைக்கே போயிருந்தா இந்நேரம் குழம்பாவது வச்சிருக்கலாம்" என்பார் வீட்டம்மா.

அந்த வருஷம் பனி நின்ற ஒரு காலையில் இருவரும் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெளிச்சம். தண்ணீர் அசையவில்லை. கொக்கு லென்ஸில் கண்ணை வைத்த கொஞ்ச நேரத்தில் சட்டை இழுபட்டது. இடது கையைப் பின்னால் விரித்துக் காட்டினார். மறுபடியும் இழுபட்டது. ஒரு நாளும் இல்லாத இழுப்பு. இவள் இப்படி இழுக்கிறாள் என்றால் வருவது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். கையை இன்னும் விரித்து, இரு, இரு என்று காட்டினார். சட்டையைப் பிடித்த கை விடவே இல்லை. முதுகில் அதன் கனம் தெரிந்தது. அவர் மூச்சைக் கூட அடக்கிக்கொண்டார்.

பறவையும் வந்ததுதான் கொடுமை. கிழிசல் இருந்த பக்கத்திலிருந்தே வந்தது. விழுந்தது, எழும்பியது, நகத்தில் மீன் துடித்தது. கொக்கு அமுக்கிக்கொண்டே இருந்தார். அது மரங்களுக்கு அப்பால் மறைகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "கிடைச்சுடுச்சு" என்று முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

வீட்டம்மாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. உடம்பு தார்ப்பாய் மேல் சாய்ந்து கிடந்தது. இடது கை மட்டும் அவர் சட்டை நுனியை முறுக்கிப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவரைத் தூக்க வேண்டியிருந்தது.

கேமராவை அங்கேயே போட்டுவிட்டுக் கரை நீளத்துக்கும் தோளில் சுமந்து ஓடினார். ரோட்டில் போன பால் வண்டி நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எப்ப ஆரம்பிச்சது?"

"தெரியலைங்க. திரும்பிப் பார்த்தப்ப இப்படித்தான் இருந்தா."

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். கொக்குவின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார்.

உயிர் தப்பியது. வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. சரி. தண்ணி வேணுமா என்றாலும் சரி, வேணாமா என்றாலும் சரி. கோபம் வந்தாலும் சரி, அழுதாலும் சரிதான். தலையை ஆட்டுவதும் அப்படியே, ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே ஆட்டல். உள்ளே புரிகிறது, வெளியே வழி அடைபட்டுவிட்டது என்றார் டாக்டர்.

கேமராவை எடுத்து வந்து சேர்த்தது கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன். படத்தையும் பார்த்துவிட்டிருந்தார்.

"யோவ் கொக்கு, மீன் கண்ணு கூட தெரியுதுய்யா. இதைப் பெருசாப் போட்டு மாட்டலாம்."

"வேண்டாம்."

"ஏன்யா? இதுக்குத்தானே இத்தனை வருஷமா..."

"வேண்டாம்னா விடேன்."

எலக்ட்ரீஷியன் கட்டில் பக்கம் திரும்பி, கலகலப்பாக்கும் நினைப்பில், "நீங்களாவது சொல்லுங்க அண்ணி, மாட்டலாம்ல?" என்றார்.

"சரி" என்றார் வீட்டம்மா.

"பார்த்தியா, எல்லாத்துக்கும் சரின்னு சொல்ற பொண்டாட்டி யாருக்குய்யா கிடைக்கும்?" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டீயை ஆறவிட்டுவிட்டு எழுந்து போனார்.

கொக்குவை அரித்தது ஒரே விஷயம். அந்த இழுப்பு பறவைக்கா, உடம்புக்கா? பறவைக்கு என்றால் ஒரு மாதிரியாவது தூங்கலாம். உடம்புக்கு என்றால், கூப்பிட்டவளிடம் கையை விரித்துக் காட்டியிருக்கிறார். வாயைத் திறக்காதே என்று சட்டம் போட்டதும் அவர்தான். மகளிடம் கூட இதைச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்து ஒரு மாதம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் கிளம்பும்போது, "நீங்க பக்கத்துல இருந்ததாலதாம்ப்பா அம்மா பிழைச்சாங்க" என்றாள். அவர் பையை எடுத்து ஆட்டோவில் வைத்தார்.

மகள் போன மறுநாள் காலை. வீட்டில் இருவர் மட்டும். கொக்கு கேமராவை எடுத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தப் படத்தை வரவழைத்தார். அவரும் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்க்கிறார். வீட்டம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இதைப் பாரு. அன்னிக்கு வந்துச்சே, இது. நீ இதுக்குத்தானே என்னை இழுத்தே?"

வீட்டம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். "சரி" என்றார்.

கொக்கு அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"இல்ல, உடம்புக்கு முடியலைன்னு கூப்பிட்டியா?"

"சரி."

"ரெண்டுக்கும் சரின்னா எப்படிம்மா? ஏதாவது ஒண்ணு சொல்லு. திட்டணும்னா திட்டு. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சரி. சரி."

இந்தத் தடவை குரல் கூடியிருந்தது. முகம் சுளித்து, கண் இடுங்கித் தண்ணீர் வழிந்தது. கொக்கு அதையே பதில் என்று எடுத்துக்கொண்டார். உடம்புக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தார். கேமராவை இறக்கி மடியில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டம்மாவின் இடது கை எழும்பி, முகத்துக்குக் குறுக்கே வந்து நின்றது. அடிக்கவோ தொடவோ இல்லை. உள்ளங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "சரி, சரி" என்று ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அப்போதுதான் பார்த்தார். வெயில் நேராக அந்த முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இவர் கேட்ட கேள்விகள் முடிகிற வரைக்கும் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

கொக்கு எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டார்.