நெஞ்சைக் காய வைத்த பீடி

எங்கள் நைனாவிடம் பேசி ஜெயித்தவர் பழவேற்காட்டில் யாரும் இல்லை. பொன்னேரி டாக்டரே தோற்றுப்போனார்.

நைனாவும் அம்மாவும் ஏரியில் கையால் இறால் தடவுபவர்கள். கழுத்து வரை தண்ணீரில் குந்தி, சேற்றைத் துழாவிப் பிடித்த இறாலை, பல்லில் கவ்வியிருக்கும் பறி என்கிற ஓலைக் கூடைக்குள் போட வேண்டும். அந்த நேரத்தில் மட்டும்தான் நைனாவின் வாயில் பீடி இருக்காது. கரை ஏறினால், தலைத்துண்டுக்குள்ளிருந்து பீடி வந்துவிடும். ஏரிக் குளிர் நெஞ்சில் இறங்காமல் இருக்கப் பீடி வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். சட்டம் போட்டவர்கள் எல்லாரும் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் நாலாவது படிக்கும்போது, அவருடைய இருமல் பொறுக்காமல் அம்மா அவரைப் பொன்னேரிக்கு இழுத்துப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். நுரையீரலுக்குள் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் உண்டு. நனைந்த பிளாஸ்டிக் கவர் போல அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு வழவழப்பு சுரக்கிறது. பீடிப் புகை அதைக் கெடுக்கிறது. வயது ஏறினாலும் அது பழையபடி வேலை செய்யாது. "ரெண்டும் சேந்தா மூச்சு இழுக்கவே கஷ்டமாயிடும், விட்டுடுங்க" என்றார்.

நைனா பவ்யமாகத் தலையாட்டினார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "பாத்தியா, உள்ள ஈரம் கீதுன்னு டாக்டரே சொல்ட்டாரு. அத்தக் காய வைக்கத்தான் நான் பீடி குடிக்கிறேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த ஈரம் இருக்கணும்னுதான்யா அவரு சொன்னாரு."

"உனுக்கு இன்னா தெரியும்?"

செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த வருஷம் அவர் அடிக்கடி கரை ஏற ஆரம்பித்தார். மற்றவர்கள் தடவிக்கொண்டிருக்க, இவர் பாதிப் பறியோடு கரையில் உட்கார்ந்திருப்பார், விரலிடுக்கில் பீடி. அம்மா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துவாள். "இன்னாய்யா, அதுக்குள்ள பீடி கேக்குதா?" எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் இதற்கு மட்டும் வாய் திறக்கமாட்டார்.

ஒரு நாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். பீடியை அவர் பற்றவைக்கவே இல்லை. வாயைத் திறந்தபடி, தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி நனைந்துவிட்டது என்று நினைத்து, வீட்டுக்கு ஓடி வேறொன்று கொண்டுவந்து நீட்டினேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"உங்கம்மா கேட்டா, பீடி குடிக்கிறேன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். அம்மா இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினாள். அவர் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பறியைக் கவ்விய வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும் அவருக்குப் போதவில்லை என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. நினைத்தால் இன்றும் எரிச்சலாகத்தான் வருகிறது. மூச்சு முட்டுகிறது என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், குடிக்காத பீடிக்குத் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார் மனுஷர்.