ராயபுரத்துக் கண்கட்டு குடோனும் இடம் மாறிய காலடியும்

பெரம்பூரில் என் சித்தி மகள் வீட்டுக் கல்யாணம் வெள்ளிக்கிழமை காலையோடு முடிந்துவிட்டது. கரூர் திரும்ப ஞாயிறு காலை ரயிலில்தான் இடம் கிடைத்தது. நடுவில் ஒரு முழு சனிக்கிழமை. கல்யாண வீட்டில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பாத்திரம் எண்ண உட்கார வைத்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். அதோடு, கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர், "உங்களுக்கெல்லாம் சென்னை மெரினாவோடு முடிந்துவிடுகிறதா?" என்று போன வருடம் கேட்டிருந்தார். எனக்கு அது சுருக்கென்று தைத்திருந்தது. எனவே காலையில் ராயபுரம், சாயங்காலம் எண்ணூர் முகத்துவாரம் என்று திட்டம் போட்டுக்கொண்டேன்.

ராயபுரத்தில் என்ன என்று கேட்பீர்கள். துறைமுகத்துச் சரக்கு வைத்திருந்த பழைய கிடங்கு ஒன்றைக் கண்ணை ஏமாற்றும் படங்களும் அறைகளும் உள்ள அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். சுவரில் வரைந்த சிறகு முன்னால் நின்றால் நமக்கே சிறகு முளைத்த மாதிரி போட்டோ வருமே, அந்த வகை. அதன் பெயரை நான் போடவில்லை. அங்கே வேலை செய்யும் பெண் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ராயபுரம் பாலத்துக்குக் கீழே எந்த ஆட்டோக்காரரிடமும் "கண்கட்டு குடோன்" என்று சொல்லுங்கள், போதும்.

ஆட்டோ நாள் வாடகை 1,200 ரூபாய். கேட்டது 1,500. ஓட்டி வந்தவர் தேசப்பன், காத்திவாக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். பாதி நாள் கடல், பாதி நாள் ஆட்டோ என்றார். இறால் நன்றாகப் படும் நாட்களில் ஆட்டோ வீட்டு வாசலில் தூங்குமாம். காலை 10.05க்குக் கிளம்பினோம். பெரம்பூரிலிருந்து ராயபுரம் ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காகப் பதினெட்டு நிமிடம் நின்றோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததை அவர் கவனித்துவிட்டார். இங்கே பிறந்தவர்கள் பாதி ஆயுளை இந்த கேட்டில்தான் கழிக்கிறோம், ஒரு நாள் நின்றால் குறைந்துவிட மாட்டீர்கள் என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

10.50க்குக் கிடங்கு வாசல். நுழைவுக் கட்டணம் 200 ரூபாய். ஒரு முக்கியமான விஷயம்: இந்த மாதிரி இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். நாம் படத்தின் முன்னால் நிற்க, எதிரே வேறு ஒருவர் நின்று போட்டோ எடுத்தால்தான் ஏமாற்று வேலை பலிக்கும். நான் இதை யோசிக்காமல் வந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் தேசப்பனை உள்ளே கூப்பிட்டேன். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண், டிரைவர்களுக்குப் பாதி என்று நூறு வாங்கிக்கொண்டாள். அவள் பெயர் ஜெனிட்டா. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. முகம் வெளிறி, கண் மஞ்சளடித்திருந்தது. மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்திருந்துவிட்டு இரண்டு நாள் முன்னால்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

மொத்தம் பதினொரு அறைகள். தலைகீழ் சமையலறை நன்றாக இருந்தது. கூரையில் கிரைண்டரும் கேஸ் சிலிண்டரும் தொங்குகின்றன. சுழலும் சுரங்கம் என்று ஒன்று. பாலம் அசையாது, சுற்றியுள்ள குழாய் மட்டும்தான் சுற்றுகிறது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டுத்தான் கால் வைத்தேன். நாலாவது அடியில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தேசப்பன் கையை வீசிக்கொண்டு நடந்து போனார். கடலில் இதைவிட மோசமாகச் சுற்றும் என்றார். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதன் பக்கத்து வழியாகப் போய்விடலாம்.

பதினொன்றாவது அறையில்தான் எனக்குக் கோபம் வந்தது. கூரையிலிருந்து நைலான் கயிற்றில் நூற்றுக்கணக்கான குப்பைகள் தொங்கின. வலை மிதவைகள், கிழிந்த பச்சை வலை, வெட்டிய பிளாஸ்டிக் கேன்கள், தெர்மாகோல், கப்பல் கயிறு. தரையில் செருப்புத் தடம் மாதிரி ஒரு ஸ்டிக்கர், "இங்கே நின்று பாருங்கள்" என்று. நின்றேன். குப்பை குப்பையாகத்தான் தெரிந்தது. போன் வழியாகப் பார்த்தேன். அதே குப்பை. தேசப்பன் மட்டும், நம்ம வலைச் சாமானாச்சே என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து கவுண்டரில் இருந்த வருகையாளர் நோட்டில், "பத்து அறை பழுதில்லை. கடைசி அறை காயலான் கடை. எடுத்துவிட்டு உருப்படியாக ஏதாவது வைக்கவும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எனக்கு முன்னால் எழுதிய ஏழெட்டுப் பேரும் கிட்டத்தட்ட அதையே எழுதியிருந்தார்கள்.

ஜெனிட்டா நோட்டைத் திருப்பிப் படித்தாள். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலையும் இழுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள். அவள் நடந்த விதம் எனக்கு என்னவோ போல் இருந்தது. பின்னாலேயே போனேன்.

அந்த அறையைச் செய்தது அவள்தான். டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தவள், காலியாகக் கிடந்த அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். காசிமேட்டுக் கடற்கரையில் ஒதுங்கும் சாமான்களைப் பொறுக்கி வந்து ஐந்து மாதம் வேலை முடிந்தபின் உட்கார்ந்து கட்டியிருக்கிறாள். சரியான ஓர் இடத்தில் நின்றால் எல்லாம் சேர்ந்து ஒரு படமாகத் தெரிய வேண்டும். முடித்து, தரையில் ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாளே காமாலை. திரும்பி வந்து தானே ஸ்டிக்கர் மேல் நின்று பார்த்தால் படத்தைக் காணோம். கடல் காற்று ஈரத்தில் நைலான் கயிறெல்லாம் இழுபட்டுத் தொங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். முதலாளி மூன்று மணிக்கு வருகிறார், இந்த அறையைக் காலி செய்து கண்ணாடி அறை போட. அதற்கு முன்னால் தானே அறுத்துவிடலாம் என்றுதான் கத்தரிக்கோல்.

"மத்தவங்க அறுத்தா பாக்க முடியாது ஆன்ட்டி" என்றாள்.

நான் எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரத்தில் அறையின் மறு மூலையிலிருந்து தேசப்பன் குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, கைய வெக்காத. கயிறெல்லாம் ஒயுங்காத்தான் கீது."

முன்னால் தொங்கிய ஒரு சிவப்புக் கேனைக் காட்டினார். பாதி கேன், வேண்டுமென்றே வெட்டியது. அதன் மறுபாதி பத்தடி பின்னால் தொங்கியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். ஓர் இடத்தில் இரண்டு பாதியும் ஒட்டி முழு கேன் ஆகிவிட்டதாம். அங்கிருந்து அந்தக் கேன் விலகாமல் முன்னும் பின்னும் நடந்து பார்த்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அதே மாதிரி ஒரு நீல டிரம்முக்கு இன்னொரு கோடு. எங்கே கற்றீர்கள் என்று நான் கேட்டதற்கு, கற்க என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தார்.

"கடல்ல போர்டா வெச்சிகீது? எண்ணூர் சிம்னி ரெண்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஒளிஞ்சிக்கினா அது ஒரு கோடு. இந்தாண்ட கோயில் கோபுரமும் தண்ணி டாங்கும் ஒண்ணாச்சுன்னா இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டிக்கிற எடத்துல வலைய வுடுவோம். இப்ப ஜிபிஎஸ் கீது, ஆனா பேட்டரி போச்சுன்னா இதான்."

சாக்பீஸ் கோடுகள் வெட்டிக்கொண்ட இடம் ஸ்டிக்கரிலிருந்து மூன்றடி தள்ளி இருந்தது. ஒரு தூணுக்கு நேர் முன்னால். அந்தத் தூணில், கிடங்காக இருந்த காலத்துச் சுமைக்காரர்கள் மாட்டிய வேளாங்கண்ணி மாதா படம். கீழே சின்ன பல்பும் பூவும். தேசப்பன் அங்கே நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அப்படியே அசையாமல் நின்றுவிட்டார். அவர் விலகியதும் நான் போய் நின்றேன். நான் உயரம், நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கப்பல் கயிறு அவள் கொண்டை. பச்சை வலை அவள் புடவை. சிவப்புக் கேன் ரவிக்கைக் கை. நீல டிரம் அவள் முன்னால் இருந்த மீன் கூடை. ஒரு கையை மேலே தூக்கி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை குப்பையும் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஜெனிட்டா தரையைத் தடவிப் பார்த்தாள். அங்கே பழைய கோந்து ஒட்டியிருந்தது. அவள் முதலில் ஒட்டிய இடம் அதுதான். தன் கையால் ஒட்டியதாயிற்றே என்று கயிற்றைச் சந்தேகப்பட்டாள், காற்றைச் சந்தேகப்பட்டாள், தன் வேலையையே சந்தேகப்பட்டாள். தான் நின்ற இடத்தைச் சந்தேகப்படவில்லை.

யார் நகர்த்தியது என்பது இரண்டு மணிக்குத் தெரிந்தது. தரை துடைக்க லூர்துமேரி வந்தார். ஜெனிட்டாவின் அம்மா. காசிமேட்டில் மீன் விற்றவர். முட்டி வலி வந்தபின் கூடையை விட்டுவிட்டு இங்கே கூட்டித் துடைக்கிறார். கேட்டதும் ஒளிக்கவே இல்லை.

"நாந்தான்டி பேத்து தள்ளி ஒட்டினேன். வர்றவன் போறவனெல்லாம் செருப்புக் காலோட மாதாவுக்கு முதுக காட்டிக்கினு நின்னு பல்ல இளிக்கிறான். ரெண்டு எட்டு தள்ளி நின்னா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

ஜெனிட்டாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. படம் என்னவென்று அம்மாவிடம் அவள் சொன்னதே இல்லை. முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருந்தாள், அதற்குள் காமாலை. லூர்துமேரியும் தினமும் அந்த அறையைத் துடைத்தார், தரையைப் பார்த்தபடி. மேலே தொங்குவது மகளின் ஏதோ கிறுக்கு வேலை என்று மட்டும் தெரியும்.

மகள் கையைப் பிடித்து இழுத்ததும் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மாதாவைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி நின்றார். அவர் குனியவில்லை. குனியத் தேவையிருக்கவில்லை. ஐந்தடிக்கும் குறைவான அவருடைய கண் உயரத்துக்கு அளந்துதான் ஜெனிட்டா ஒவ்வொரு கயிற்றையும் கட்டியிருந்தாள்.

படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"கை இன்னாத்துக்கு மேல கீது?"

"கூவுறம்மா. வஞ்சிரம், வஞ்சிரம்னு."

"நான் அவ்ளோ சத்தமாவா கூவினேன்?"

"ஸ்கூல் வுட்டு வரச்சொல்ல அந்தச் சத்தத்த வெச்சித்தாம்மா நீ எங்க குந்திகினுகிறன்னு கண்டுபிடிப்பேன்."

லூர்துமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டை சின்னதாக இருக்கிறது என்று குறை சொன்னார். பிறகு கீழே உட்கார்ந்து, தான் ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார். மாதாவை நகர்த்துவதில்லை, மகள் செய்த படத்தையும் நகர்த்துவதில்லை, நிற்கிறவர்கள் செருப்பைக் கழற்றட்டும் என்பது அவர் தீர்ப்பு. தேசப்பன் சாக்பீஸால் அந்த இடத்தில் இரண்டு வெறுங்கால் வரைந்தார். ஆறு விரல் விழுந்துவிட்டது ஒன்றில்.

முதலாளி 3.20க்கு வந்தார். கெட்டவர் இல்லை. வாடகை கட்ட வேண்டிய மனிதர், கண்ணாடி அறைக்குக் கூட்டம் வரும் என்ற கணக்கு. செருப்பைக் கழற்றச் சொன்னதும் முகம் சுளித்தார். நின்று, குனிந்து பார்த்தவர், அப்படியே தலையை மட்டும் திருப்பி, துடைப்பத்தோடு நின்ற லூர்துமேரியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கண்ணாடிக்காரரைப் போனில் கூப்பிட்டு இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார். அதற்குள் நோட்டில் நாலு பேராவது நல்லபடியாக எழுதினால் அறை இருக்கும், இல்லையென்றால் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்று ஜெனிட்டாவிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கிளம்பும் முன் நோட்டை வாங்கி, எழுதியதை அடித்தேன். கீழே, "நான் தப்பான இடத்தில் நின்று எழுதியது" என்று எழுதி மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். முதல் நல்ல வார்த்தை என்னுடையதாக இருக்கட்டும்.

4.10க்கு எண்ணூர் கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து ஐம்பத்தைந்து நிமிடம். திருவொற்றியூர் தேரடியில் டீ 15 ரூபாய், பஜ்ஜி 10. மூக்கைப் பொத்த வேண்டிய இடங்கள் வழியில் உண்டு. அங்கேயே குடியிருப்பவர்கள் பொத்துவதில்லை என்பதால் நானும் பொத்தவில்லை. முகத்துவாரத்துக் கரையில் தேசப்பன் என்னைத் தோளைப் பிடிக்காத குறையாக நகர்த்தி நகர்த்தி நிறுத்தினார். ஓர் இடத்தில் இரண்டு புகைபோக்கிகளும் ஒன்றாகிவிட்டன. ஓரடி நகர்ந்தேன், இரண்டாயின. அன்று முழுக்க 200 ரூபாய் கொடுத்துப் பார்த்தவற்றில் பாதி இங்கே சும்மா கிடைக்கிறது.

போகிறவர்களுக்கு: காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை கூட்டம் குறைவு. குறைந்தது இரண்டு பேராகப் போங்கள். மெட்ரோவில் வந்தால் வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், உள்ளே விற்பதில்லை. கடைசி அறைக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தூணில் மாதா படம் இருக்கும், முன்னால் வெறுங்கால் தடம் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி, லூர்துமேரியின் உயரத்துக்குக் குனியுங்கள். பார்த்துவிட்டு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். நான் இதை எழுதும்போது அந்த இரண்டு மாதத்தில் பன்னிரண்டு நாள் போய்விட்டது.