நூற்றெழுபது டிகிரி

சாய ஆலையில் பாய்லர் பார்த்தவருக்கு ஊரில் 'நீராவி' என்றுதான் பெயர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இருபத்து மூன்று வருடம் அந்த இரும்பு வயிற்றுக்குத் தீனி போட்டதில், சத்தத்தை வைத்தே அதன் உடம்புக்கு என்னவென்று சொல்லிவிடுவார்.

தொழிற்சங்கம் பழைய பஞ்சுக் கிடங்கில் மாலை வகுப்பு தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பத்தாறு.

"வீட்ல உக்காந்து என் உசிர வாங்கறதுக்கு அங்க போய் உக்காருங்களேன்" என்றாள் மனைவி.

போனார். பதினொரு பேர். உட்காரப் பெட்டிகள். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம்தான் பலகை.

இயற்பியல் டீச்சர் முதல் நாளே அவரைப் பார்த்துக் கேட்டார்: "பாய்லர்ல அழுத்தம் ஏழு கிலோ காட்டுது. உள்ள ஆவி எவ்வளவு சூடா இருக்கும்?"

"நூத்தெழுபதுங்க." வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து மனதில் ஊறிய எண்.

டீச்சர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அட்டவணையில் ஏழுக்கு நேரே நூற்றெழுபது! மற்றவர்கள் கைதட்டினார்கள். அவரோ அந்த எண்மேல் விரலை வைத்து இன்னொரு முறை படித்தார்.

"இத எழுதினவரு நம்ம மில்லுக்கு வந்திருக்காரா டீச்சர்?"

"இல்லீங்க. உங்க பாய்லர் பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதினது."

"அப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"தண்ணி எங்க கொதிச்சாலும் இதே கணக்குதான்."

வீட்டுக்கு வந்தவர் அடுப்பில் கொதித்த வெந்நீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, உள்ள பேய் கீய் தெரியுதா?"

"பேசாம இரு. உலகம் பூரா இது ஒரே மாதிரி நடந்துக்குதாம்."

அதன்பின் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அல்ஜீப்ரா இரண்டு முறை காலை வாரியது. சூத்திரங்களை உரக்கப் படிப்பார். தப்பாகச் சொன்னால் சமையலறையிலிருந்து மனைவி திருத்துவாள். கேட்டுக் கேட்டே அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ஐம்பதாவது வயதில் பள்ளியிறுதி தேறினார். அதற்குள் அறுநூறு தொழிலாளிகள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்து, கிடங்கு வகுப்பை மாலைக் கல்லூரியாக்கிவிட்டிருந்தார்கள். அதன் முதல் அணியில் சேர்ந்தவர், ஐம்பத்து நான்கு வயதில் இயற்பியல் பட்டம் வாங்கினார்.

பட்டமளிப்பு முடிந்து கறுப்பு அங்கியைக் கழற்றும்போது மனைவி கேட்டாள்: "அப்பாடா, முடிஞ்சுதா?"

"நட்சத்திரம் எவ்வளவு சூடா இருக்குன்னு இங்க இருந்தபடியே கண்டுபிடிச்சுட்டாங்களாம்டி. அதோட வெளிச்சத்தைப் பிரிச்சுப் பாத்தே! மேல்படிப்புல அது வருதாம்."

அவள் அங்கியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

"அப்ளிகேஷன் போட என்னிக்குக் கடைசி நாள்?" என்றாள்.