நாலு கட்டத்தில் ஒன்று

எண்பதுகளின் தொடக்கத்தில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. கணவர் தோட்டத்து லோரி ஓட்டுபவர், என் சொந்த அத்தை மகன். நான் ஐந்தாம் படிவம் வரை பள்ளிப் படிப்பை முடித்தவள். யார் வீட்டுக்கு மருந்துச் சீட்டு வந்தாலும் படித்துச் சொல்ல என்னிடம்தான் கொண்டு வருவார்கள்.

மூத்த மகனுக்கு ஒரு வயது ஆவதற்குள் முகம் வெளுத்து வயிறு உப்பிவிட்டது. தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தபடி அவனை ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தலசீமியா என்றார்கள். உடம்பு போதிய நல்ல ரத்தத்தை உண்டாக்காது, மாதாமாதம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்கள் இருவரும் சொந்தமா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் இருவரிடமும் அந்தக் குறை வெளியே தெரியாமல் இருக்கிறதாம். பிறக்கும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்று ஆங்கிலத்தில் சொல்லி, விளங்கியதா என்றார். உடனே தலையாட்டினேன்.

விளங்கியதாகத்தான் நினைத்தேன். பள்ளியில் பட்டாணிச் செடிப் பாடத்துக்கு ஆசிரியை பலகையில் நாலு கட்டம் போடுவார். மூன்று நெட்டை, ஒன்று குட்டை என்று ஒவ்வொன்றாக நிரப்புவோம். சோதனையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி. மனிதப் பிள்ளைகளைப் பற்றி அந்தப் பாடத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகனுக்கு மூன்று வயதானபோது இன்னொரு பிள்ளை வேண்டும் என்று தோன்றியது. நோயில்லாத ஒன்று. மாமியாரான அத்தைதான் தடுத்தார்.

"வேணாம்டி. இவன் ஊசிக்குக் கத்துறதையே என்னால பார்க்க முடியல. இன்னொண்ணும் இப்படியே வந்துட்டா?"

"வராது அத்தை. இங்க பாருங்க." பனி படர்ந்திருந்த சன்னல் கண்ணாடியில் விரலால் நாலு கட்டம் போட்டு ஒன்றை அழித்தேன். "நாலுல ஒண்ணுதான் கெட்டது. அது இவனுக்கு வந்துடுச்சி. மிச்சம் மூணும் நல்லதுதான்."

"கண்ணாடியில கோடு போட்டா புள்ள நல்லா பொறந்துடுமா?" என்றார் அத்தை.

கணவர் சிரித்தார். "சும்மா இரும்மா. அவ படிச்சவ-லா. நம்ம ரெண்டு பேருக்கும் என்ன தெரியும்?" பிறகு என்னிடம், "டாக்டர் சொன்னது இதானே?" என்றார்.

"இதேதாங்க."

மகள் பிறந்தாள். கொழுகொழுவென்று, அண்ணனைவிட நிறமாக. ஆனாலும் தினமும் அவள் கண்ணிமையை இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு, இதெல்லாம் வீண்பயம் என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஆறாம் மாதம் அந்தச் சிவப்பு குறையத் தொடங்கியது. வெளிச்சம் போதவில்லை என்று அவளை வாசலுக்குத் தூக்கிப்போய்ப் பார்த்தேன்.

சோதனை முடிவைச் சொன்ன டாக்டரிடம், நாலில் ஒன்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன். பக்கத்திலிருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸிதான் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஒவ்வொரு புள்ளைக்கும் மறுபடி மொதல்லருந்து நாலுல ஒண்ணும்மா. முன்னாடி பொறந்தது கணக்குல வராது."

கணவர் என்னைத் திட்டவில்லை. பேருந்தில் தாப்பா தாண்டிய பிறகுதான், "அன்னிக்கு நீ சரியாத்தானே கேட்ட?" என்றார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். லயத்து வாசலில் நின்ற அத்தை எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாதாமாதம் மலை இறங்கினோம். மகள் ஊசியைக் கண்டதும் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். தலையாட்டுவதற்குப் பதில் அன்று டாக்டரிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாமே என்று அப்போது மனம் அடித்துக்கொள்ளும். கேட்டிருந்தால் இவளைப் பெற்றிருக்கவே மாட்டேன் என்பதும் கூடவே நினைவுக்கு வரும்; என்னைக் கட்டிக்கொண்டிருக்கும் அவள் முகத்தைப் பார்த்து அழும்போது, இந்த இரண்டில் எதற்காக அழுகிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.