சல்லடை இல்லாத தெரு

காலை 8.15. அருப்புக்கோட்டையில் திருச்சுழி டவுன் பஸ் பிடித்தேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருச்சுழியிலிருந்து ஊருக்கு அந்நேரம் பஸ் இல்லை; ஆறு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"எந்தக் கட்சி?" என்றார் ஆட்டோக்காரர்.

"கட்சி இல்லண்ணே. கேள்வி கேக்க வாரேன்."

"அப்பப் பொழைச்சீக. தண்ணியாவது குடுப்பாக."

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். பிள்ளைகள் வீட்டில் அடிபடுவதைப் பற்றிய ஆய்வு என்பதால் அப்படியொரு விதி. அக்கம்பக்கம் எப்படி என்று குடியிருப்பவர்களிடமே கேட்டுக் குறிப்பது என் வேலை. என் ஊர் பாலவனத்தத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அந்தக் கரிசல் வெளியில் நிமிர்ந்துதான் நடந்தேன். மரமே இல்லாத நிலத்தின் மேல் அவ்வளவு பெரிய வானம்!

பகல் 11.30 முதல் 3.30 வரை. பன்னிரண்டாம் கேள்வி: 'ஒரு குழந்தையை வீட்டில் அடித்தால் அக்கம்பக்கத்தார் தலையிடுவார்களா?' நான்கு வீட்டில் ஒரே பதில், 'ஒருபோதும் இல்லை'. என்ன தெரு இது என்று மனதுக்குள் திட்டினேன்.

மாலை 4.00. ஐந்தாவது வீடு, பொன்னுத்தாய் அக்கா.

"குடிச்சவன்கிட்ட யாரு போயி நிப்பா? அந்தக் கோவமும் புள்ள மேலதான் விழும். இல்லைன்னே போடுங்க தங்கச்சி."

போட்டேன். அப்போதுதான் எதிர்வீட்டில் பாத்திரம் உருண்டது. லோடு ஏற்றும் மனிதர் குடித்துவிட்டு வந்திருந்தார். அவர் மகள், எட்டு வயது மீனா, வாசலில் ஒடுங்கி நின்றாள். நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, சாவகாசமாகக் குரல் கொடுத்தார்.

"ஏ மீனா! செல்வி வீட்டுல சல்லடை வாங்கியா தாயி."

பக்கத்து வீட்டார் ஏவிய வேலைக்குப் பிள்ளையை அனுப்ப மறுப்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. தகப்பன் முனகிக்கொண்டே வழிவிட்டார்.

செல்வி, "எங்கிட்ட ஏதுடி? கடைக்காரக்காகிட்டக் கேளு" என்றாள். கடைக்காரக்கா ஒரு முறுக்கைக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பினார். அங்கே ஒருத்தி உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். பொன்னுத்தாய் அக்காவின் சல்லடையோ என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது தலையிடுறதுதானே?"

"போங்க தங்கச்சி! சல்லடை கேட்டா தலையிடுறதா? மில்லுலருந்து அவ அம்மா ஆறு மணிக்கு வந்துருவா. அதுவரைக்கும் இவன் கண்ணுல படக்கூடாது. அம்புட்டுதான்."

மாலை 5.10. பஸ் நிறுத்தம். பார்த்ததை மேற்பார்வையாளருக்குப் போனில் சொல்லி முடித்தபோது மீனா எதிரே நின்றாள்.

"அக்கா, ஒங்ககிட்ட சல்லடை இருக்கான்னு கேக்கச் சொன்னாக."

பஸ் வருவது தெரிந்தது. அடுத்தது 6.20க்குத்தான்.

"இருக்கும்போல. இரு, பாக்குறேன்."

பையைக் கவிழ்த்து, படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறினேன். பஸ் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மீனா பக்கத்தில் உட்கார்ந்து படிவங்களை எண் வரிசையில் அடுக்கினாள்.

"எல்லாரும் இப்பிடித்தான்க்கா தேடுவாக" என்றாள், சிரிக்காமல்.

ஆறு மணிக்கு மில் வேன் வந்தது. இறங்கிய பெண்ணை நோக்கி ஓடினாள்.

மாலை 6.20. பஸ்ஸில் ஜன்னலோர இடம். ஐந்து படிவத்திலும் 'ஒருபோதும் இல்லை' அப்படியே இருக்கிறது. அது அவர்கள் சொன்ன பதில், திருத்த எனக்கு உரிமை இல்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. திருச்சுழி வரும்வரை அதில் எழுதிக்கொண்டே வந்தேன். இடம் போதவில்லை.