கணக்கு டீச்சரின் குரல் உடைந்த மாதம்

மாடியறைக்குக் குடிவந்த அன்று, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனவன் முதலில் பார்த்தது கணக்கு டீச்சரைத்தான். மாடிப்படிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, மோடத்தின் ஒயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தார்.

"மாடிக்கு வர்ற கம்ப்யூட்டர் தம்பி நீங்கதானா? நல்லவேளை வந்தீங்க. இந்தச் சனியன் என்னைத் தவிர யார் சொன்னாலும் கேக்கும்."

இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே நெட் இணைப்புதான். டீச்சர் முன்பு பள்ளியில் வேலை பார்த்தவர். மாமியார் படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு, ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் எடுத்தார். பின்னக் கணக்கைப் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி சுவாரசியமாகச் சொல்வார். மாடியில் இருந்தபடி கேட்ட அவனுக்கே சில கணக்குகள் அப்போதுதான் பிடிபட்டன.

அவன் வீட்டில் முதல் டிகிரி அவனுடையது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்ற வீம்பும் அதோடு வந்தது. புதுப்புது லினக்ஸ்களை டோரன்ட் என்ற பகிர்வு புரோகிராமில் இறக்கி, இறக்கியதை உலகத்துக்கே திருப்பிப் பகிர்வதில் அவனுக்குத் தனிப் பெருமை. ஆனால் புது அறையில் டோரன்ட் ஆமையாக நகர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மோடத்தின் செட்டிங்கில் புகுந்து, வெளியிலிருந்து தன் கம்ப்யூட்டரை எட்டுவதற்கு போர்ட் என்ற வாசல் ஒன்றைத் திறந்துவிட்டான். அதன்பிறகு பிய்த்துக்கொண்டு போனது.

அந்த வாரமே ஆன்லைன் வகுப்பில் டீச்சரின் குரல் உடைய ஆரம்பித்தது. "கேக்குதா கண்ணு? இப்ப கேக்குதா?" என்று கீழிருந்து ஓயாமல் கேட்டது. பிள்ளைகள் ரோபோ டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டீச்சர் உதவிக்குக் கூப்பிட்டதும் அவன் செய்த முதல் காரியம், தன் டோரன்ட் விண்டோவை மூடியது. அப்புறமும் குரல் விட்டுவிட்டுத்தான் வந்தது. 'சரி, நம்மால் இல்லை' என்று நிம்மதியானான்.

"லேப்டாப் பழசாயிடுச்சுக்கா. மைக்கு போயிருக்கும்."

டீச்சர் புது ஹெட்போன் வாங்கினார். பலனில்லை. கம்பெனியின் ஆப் சரியில்லை என்று அடுத்ததாகத் தீர்ப்புச் சொன்னான். பெற்றோர்கள் புகார் செய்ததால், மாதக் கடைசியில் மாலை வகுப்பைக் கம்பெனி அவரிடமிருந்து எடுத்துவிட்டது. இன்னொரு புகார் வந்தால் மத்தியான வகுப்பும் போய்விடும்.

இதற்கிடையில் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று அவனுடைய கம்ப்யூட்டர் முனகியது. எது இடத்தை அடைக்கிறதென்று கட்டளை தட்டும் டெர்மினல் திரையில் பார்த்தான். அவன் மூடியதாக நினைத்த டோரன்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதுமே பின்னணியில் தானாகக் கிளம்பும்படி அதை நிறுவியது அவனேதான். விண்டோ வெறும் முகப்பு, அதை மூடினால் உள்ளே எதுவும் நிற்காது. போதாக்குறைக்கு, வெளியே அனுப்பும் அப்லோடுக்கு அளவும் வைத்திருக்கவில்லை. டீச்சரின் குரல் வெளியே போகவேண்டிய வழியை மொத்தமாக அடைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களுக்கு வாரி வழங்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு கணக்கு 'கேக்குதா' இல்லாமல் முழுசாக முடிந்தது.

"என்ன தம்பி மாயம் பண்ணீங்க?"

"சும்மா... ஒரு செட்டிங்குதாங்க்கா."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. டீச்சர் போட்டுத் தந்த காபியைக் குடித்துவிட்டு மாடியேறிவிட்டான். டீச்சர் தெருவெல்லாம் அவன் புகழ் பாடினார். யாராவது பாராட்டும்போது அவனுக்குக் காது சுட்டது. டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டால் படியில் நின்றுவிட்டு அப்புறம் இறங்கினான்.

ஒருநாள் டீச்சரே கூப்பிட்டார். கம்பெனி மேடம் ஸ்பீக்கரில் இருந்தார்.

"தம்பி, நெட்டுலதான் கோளாறுன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. மாலை வகுப்பைத் திருப்பித் தருவாங்களாம்."

"என்ன பிரச்சனை சார்?" என்றது ஸ்பீக்கர். "திரும்ப வராதுன்னு எப்படி நம்புறது?"

லைன் கோளாறு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் திரும்ப வராது என்று உறுதி சொல்ல, உண்மையைத் தவிர அவனிடம் வேறு காரணம் இல்லை. டீச்சர் ஆவலாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னோட கம்ப்யூட்டர்தாங்க மேடம். டவுன்லோடு பண்ற புரோகிராம் எனக்கே தெரியாம பின்னாடி ஓடியிருக்கு. டீச்சர் மேல ஒரு தப்பும் இல்ல. நிறுத்திட்டேன்."

மேடம் யோசிப்பதாகச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். டீச்சர் போனை மேசைமேல் கவிழ்த்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"அது... சரியாச்சுல்லக்கா, அன்னிக்கே."

"அன்னிக்கு உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்." உள்பக்கம் திரும்பியபடி, "ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு. மாமியாருக்குப் பாட்டுக் கேக்க ஆகும்," என்றார். அவன் நின்றுகொண்டிருக்க, அவர் உள்ளே போய்விட்டார்.

மாலை வகுப்பு அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. மத்தியான வகுப்பை இன்றும் டீச்சர்தான் எடுக்கிறார். அவன் அதே மாடியறையில் இருக்கிறான், டோரன்ட்டுக்கு அளவு வைத்துவிட்டான். படியில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று டீச்சர் கேட்கிறார். மோடம் மக்கர் செய்தால் மட்டும் அவனை விட்டுவிட்டுத் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிடுகிறார்.